தலையில் வெட்டு விழுந்த அட்டை

எங்கள் தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்குச் சந்திரம்மாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். மூன்று வருஷம் அவளுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவள் நான்தானாம். அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத என்னை விட்டால் ஆள் இல்லையாம். நாலு நல்ல வார்த்தை என்னிடம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நாற்பது வேறு வார்த்தைகள் வரிசையில் நிற்கின்றன. அவற்றை இந்த நோட்டில் இறக்கி வைத்தால்தான் மலருக்கென்று எழுத எனக்குக் கை வரும்.

முதலில் என்னைப் பற்றி. பெயர் ரங்கநாயகி, ஊர் ஸ்ரீரங்கம், கீழ உத்திர வீதி. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். அதற்கு மேல் படிக்க வைக்க அப்பாவுக்குத் தெம்பில்லை. தெம்பு இருந்திருந்தாலும் மனசு இருந்திருக்காது. டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு 1960-ல் இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். புதுக்கோட்டை ரோட்டில், சர்க்கரை ஆலைகளுக்குப் பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள் செய்கிற இடம். அங்கே பஞ்ச் ரூம் என்று ஒரு தனி அறை உண்டு. ஊரே வெந்துகொண்டிருக்கிற சித்திரையிலும் அங்கே ஏசி ஓடும். எங்கள் சுகத்துக்காக என்று நினைத்துவிட வேண்டாம். ஈரக்காற்று பட்டால் அட்டை உப்பிக்கொள்ளும், அதற்காக.

அந்த அறையில் நடப்பது இதுதான். கையெழுத்தில் எழுதி வரும் தாளைப் பார்த்து ஒருத்தி மெஷினில் அடிப்பாள். ஒவ்வொரு எழுத்துக்கும் அட்டையில் ஓட்டை விழும். பிறகு அதே தாளையும் அதே அட்டைகளையும் இன்னொருத்தி வாங்கி, வெரிஃபையர் என்ற மெஷினில் முதலிலிருந்து மறுபடியும் அடிப்பாள். இரண்டு பேர் அடித்ததும் ஒத்துப்போனால் அட்டையின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு விழும். அது நல்ல அட்டை. ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடும். இன்னும் இரண்டு தரம் அடித்துப் பார்க்கலாம். மூன்றாவது தரமும் ஒத்துப்போகவில்லை என்றால் அட்டையின் தலையில், தகராறான எழுத்துக்கு நேர் மேலே வெட்டு விழும். முதலில் அடித்தவளின் தப்பு என்று அர்த்தம்.

தலையில் வெட்டு விழுந்த அட்டை எங்கள் சூப்பர்வைசர் நசுருதீன் சாரின் தகர டப்பாவுக்குப் போகும். அவருடைய ரிஜிஸ்தரில் அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். வெரிஃபை செய்தவளே தாளைப் பார்த்துப் புது அட்டை ஒன்று அடித்து அந்த இடத்தில் சொருகிவிடுவாள். நான் அடித்தால் சந்திரம்மாள் வெரிஃபை செய்வாள், அவள் அடித்தால் நான். ஆக, என் தப்பைப் பிடிக்கிறவள் அவள், அவள் தப்பைப் பிடிக்கிறவள் நான்.

1963-ல் வந்தாள். துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம்; அப்பா வீரமலை கடலை விவசாயி. தென்னூரில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு இன்ஸ்டிட்யூட்டில் டைப்பிங் கற்றவள். கணக்கில் முதல் தரம் கோட்டை விட்டு, இரண்டாம் தரம் எழுதி எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். அதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. தினம் ஒரு காகிதப் பொட்டலத்தில் பச்சைக் கடலை கொண்டுவருவாள். முதல் பிடி எனக்குத்தான். அக்கா, அக்கா என்று வாய் ஓயாமல் கூப்பிடுவாள். அவள் கடலையைத் தின்றுகொண்டே அவள் மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். அதற்கு வெட்கப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பொறாமை உடனே வந்துவிடவில்லை. சம்பளப் பட்டியலும் ஸ்டோர்ஸ் எண்களும் அடித்துக்கொண்டிருந்தவரை அவள் வேகம் அவளோடு, என் வேகம் என்னோடு. வினை 1965-ல் டிசைன் ஆபீஸிலிருந்து வந்தது. அங்கே எஞ்சினியர் அடைக்கலராஜ் என்று ஒருவர். தொட்டியின் தகடு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுவது அவர் வேலை. அதைக் கையால் போடப் பத்து நாள் ஆகிறது, சென்னையில் ஒரு இடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது, புரோகிராம் எழுதி அட்டையில் அடித்து அனுப்பினால் பத்து நிமிஷம் என்று மேலே சொல்லி அனுமதி வாங்கிவிட்டார். வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம் எங்களுக்கு அங்கே முறை. எங்கள் பியூன் பிச்சமுத்து அட்டைகளை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறுவான்.

அந்தத் தாள்களைப் பார்த்ததும் எங்களுக்குத் தலை சுற்றிவிட்டது. எழுத்தும் எண்ணும் எங்களுக்குப் பழக்கம். இதிலோ கூட்டல் குறி, சமக்குறி, திறக்கிற பிராக்கெட், மூடுகிற பிராக்கெட், நட்சத்திரம். ஒரு நட்சத்திரம் என்றால் பெருக்கலாம். இரண்டு நட்சத்திரம் சேர்ந்தாற்போல் வந்தால் அது வேறு சமாசாரமாம். இதில் பெரிய கொடுமை எங்கள் மெஷின்தான். அது கணக்குப்பிள்ளைகளுக்கென்று செய்த மெஷின். சாவியில் பிராக்கெட்டும் இல்லை, கூட்டலும் இல்லை, சமக்குறியும் இல்லை. கம்ப்யூட்டருக்கு வேண்டியது ஓட்டைதானே, சாவியில் என்ன படம் இருந்தால் என்ன என்றார் அடைக்கலராஜ். கூட்டலுக்கு & சாவியை அடிக்க வேண்டும். சமக்குறிக்கு #. திறக்கும் பிராக்கெட்டுக்கு %. மூடும் பிராக்கெட்டுக்கு, சீட்டுக்கட்டு டைமன் போல ஒரு சதுரம் இருந்தது, அதை அடிக்க வேண்டும். ஓட்டை சரியாக விழும். ஆனால் அட்டையின் மேல் விளிம்பில் சாவியில் உள்ள படம்தான் அச்சாகும். தாளில் A = B + C என்று இருப்பது அட்டையில் A#B&C என்று நிற்கும்.

&-க்கு நாங்கள் முறுக்கு என்று பெயர் வைத்தோம். # ஜன்னல். % இரட்டை முட்டை; நான் அந்தப் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன், இரட்டைச் சுழி என்பேன். மூடுகிறது டைமன். நசுருதீன் சார் ஒரு அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினார். நான் ஒவ்வொரு குறிக்கும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். பிடரி வலித்தது. மூன்றாம் நாள் எதிரே பார்க்கிறேன், சந்திரம்மாள் சுவர்ப் பக்கமே திரும்பவில்லை. அடித்த அட்டையை எடுத்து, முறுக்கும் ஜன்னலுமாகக் கிடக்கிற வரியை, ஏதோ கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி வாசிக்கிறாள். அன்றைக்குத்தான் எனக்கு முதலில் எரிந்தது.

அதற்கடுத்த வாரம் இன்னும் மோசம். தாளில் N = N + 1 என்று ஒரு வரி வந்தது. எனக்குக் குஷி தாங்கவில்லை. பெரிய எஞ்சினியர் தப்புப் பண்ணிவிட்டார், பிடித்தவள் நான். தாளை எடுத்துக்கொண்டு அவரிடமே போய், ஓர் எண் தன்னைவிட ஒன்று அதிகமான எண்ணுக்கு எப்படிச் சமமாகும் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியவள் அல்லவா. அவர் சிரித்தார். எல்லோரும் கேட்கிற கேள்விதான் என்றார். அதை விளக்கப் போகிறார், அதற்குள் பின்னால் நின்ற சந்திரம்மாள் வாயைத் திறந்தாள்.

"களத்துல மூட்டை எண்ணுறப்ப அப்பா பலகையில எழுதுவாங்க சார். ஒரு மூட்டை வந்தா பழைய நம்பரை அழிச்சுட்டு ஒண்ணு கூட்டிப் புதுசா எழுதுவாங்க. அதுதானே இது?"

அதேதான் என்று அவர் மேஜையில் தட்டினார். அந்தக் குறிக்கு இங்கே சமம் என்று அர்த்தமில்லை, வலப்பக்கம் கிடைத்ததை இடப்பக்கப் பெயரில் எழுதி வை என்று அர்த்தம், அவ்வளவுதான் என்றார். இரண்டு தரம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவளுக்குக் கடலைக் களத்தில் கிடைத்த பதில், முதல் மார்க்குக்காரிக்குக் கிடைக்கவில்லை. அவமானம் என்னைப் பிடுங்கித் தின்றது. பஸ்ஸில் காவேரிப் பாலம் வருகிறவரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன்.

அன்றிலிருந்து அடைக்கலராஜ் எங்கள் அறைக்கு வந்தால் அவள் மெஷின் அருகில்தான் நிற்பார். ஏன் இந்த வரிக்குத் திரும்பிப் போகிறது, ஏன் இங்கே இரண்டு நட்சத்திரம் என்று அவள் கேட்பாள், அவர் சொல்வார். நசுருதீன் சாருக்கு அது பிடிக்காது. எழுதினதை அடிங்க, யோசிக்கிறது மேலே இருக்கிறவங்க வேலை என்பது அவர் வேதவாக்கு. நானும் அவர் கட்சி போல முகத்தை வைத்துக்கொண்டு காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருந்தேன். கழிவுத் தாள்களை யாருக்கும் தெரியாமல் கைப்பையில் மடித்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஆறு மாதம் சமையலறைக் கதவோரம் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். புரிந்தது. நன்றாகவே புரிந்தது. பிராக்கெட்டுக்குள் பிராக்கெட், அதற்குள் இன்னொரு பிராக்கெட். எத்தனை வாசல் தாண்டி உள்ளே போனாயோ அத்தனை வாசல் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். ஏழு பிராகாரத்து ஊரில் பிறந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. அவளைப் போல வாய்விட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ள என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

1966 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. பஞ்ச் ரூமிலிருந்து ஒருவரைச் சென்னைக்கு அனுப்பப் போகிறார்கள். ஆறு மாதப் பயிற்சி. திரும்பி வந்தால் மாடியில் தனி மேஜை, புரோகிராமர் என்று பெயர். ஒரே ஒரு இடம். டிசம்பர் முடிய மூன்று மாதத்தில் யாருக்குக் கோடு குறைவோ அவருக்கு. சமமாக வந்தால் சீனியருக்கு. எனக்கு இருபத்தொன்பது வயது. அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. வாழ்க்கையில் வேறு எதுவும் அப்படி வேண்டும் என்று தோன்றியதில்லை, கல்யாணம் உள்பட.

அம்மாவிடம் சொன்னேன். "நீதானேடி சீனியர்? பெருமாள் பார்த்துப்பார்" என்றாள். பெருமாளுக்கு ரிஜிஸ்தர் தெரியாதே. டிசம்பர் கடைசி வாரத்தில் எனக்கு ஐந்து கோடு, அவளுக்கு நாலு.

டிசம்பர் இருபத்தொன்பது, வியாழக்கிழமை. ஊரில் வைகுண்ட ஏகாதசி இராப்பத்து உற்சவம் நடந்துகொண்டிருந்தது. ஸ்ரீரங்கத்து பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அடைக்கலராஜின் பெரிய புரோகிராம், முந்நூற்று நாற்பது அட்டை, அன்று மாலை ரயிலில் போக வேண்டும். சந்திரம்மாள் அடித்து முடித்துவிட்டாள். மத்தியானம் நான் வெரிஃபையரில் உட்கார்ந்தேன். இந்த வருஷத்தின் கடைசிக் கட்டு இதுதான். இதில் ஒரே ஒரு தப்பு விழுந்தால் அவளுக்கும் ஐந்து. சமம். சீனியர் நான்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது அட்டைவரை ஒன்றும் இல்லை. பாவி, அத்தனை சுத்தமாக அடித்திருந்தாள். அந்த அட்டையில், வரி முடிந்த இடத்தில் தாளில் ஒன்றுமில்லை. வெற்றிடச் சாவியைத் தட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

அட்டையில் அந்த இடத்தில் ஒரு டைமன் இருந்தது. தாளில் இல்லாத மூடும் பிராக்கெட். தாளை அருகில் இழுத்து, விரல் வைத்து எண்ணினேன். திறப்பது மூன்று, மூடுவது இரண்டு. மறுபடி எண்ணினேன். மூன்று, இரண்டு. அடைக்கலராஜ் அவசரத்தில் ஒன்றை விட்டிருக்கிறார். சந்திரம்மாள் யாரையும் கேட்காமல் அதைப் போட்டிருக்கிறாள். அவள் செய்தது சரி. சரி என்று எனக்குத் தெரியும். டைமன் சாவியைத் தட்டினால் மெஷின் பேசாமல் அடுத்த அட்டைக்குப் போய்விடும்.

வெற்றிடச் சாவியை இரண்டாவது தரம் தட்டினேன். விளக்கு அணையவில்லை. எழுதியதை அடி என்பதுதானே சட்டம், நான் சட்டப்படிதானே செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது தரம் தட்டினேன். வெட்டு விழுந்தது. எதிரே சந்திரம்மாள் குனிந்து வேறு ஏதோ அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அட்டை டப்பாவுக்குப் போனது. நான் தாளில் உள்ளபடி, பிராக்கெட் இல்லாமல், புது அட்டை அடித்துச் சொருகினேன். நசுருதீன் சார் அவள் பெயருக்கு நேரே ஐந்தாவது கோடு போட்டார். பிச்சமுத்து டிரங்குப் பெட்டியோடு போனான். அன்று மாலை பஸ் கூட்டத்தில் யாரோ என் காலை மிதித்தார்கள். எனக்குக் கோபமே வரவில்லை. சென்னைக்கு எந்தெந்தப் புடவை எடுத்துப்போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி ஆறாம் தேதி கட்டு திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் அதைத் தொடவே இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டாவது அட்டையில் பிராக்கெட் பொருந்தவில்லை என்று ஒரு வரி அச்சடித்து அனுப்பியிருந்தது. இனி அடுத்த முறைக்கு ஒரு வாரம். தொட்டிக் கணக்குக்காக ஆலைக்காரர்கள் தினம் தந்தி அடித்துக்கொண்டிருந்தார்கள். அடைக்கலராஜ் தாளைப் பார்த்தார், தன் தப்பு என்று தெரிந்தது, தன்னையே திட்டிக்கொண்டார். அதோடு போயிருக்கும். ஆனால் ரிஜிஸ்தரில் அந்த அட்டைக்கு நேரே ஒரு கோடு இருந்தது. என்ன கோடு இது என்று கேட்டார். நசுருதீன் சார் தகர டப்பாவைத் திறந்தார்.

அந்த அட்டையை அவர் வெளிச்சத்தில் பிடித்தார். வெட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதா. மிகச் சரியாக டைமனுக்கு மேலே. அவள் மேல் தப்பைப் போடுவதற்காக நான் விழவைத்த வெட்டு, இதோ இந்த இடத்தில் இவள் சரியாக அடித்தாள் என்று விரல் நீட்டிக் காட்டுகிறது. அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சந்திரம்மாள்தான் முதலில் பேசினாள்.

"அக்கா மேல தப்பு இல்லைங்க சார். தாள்ல இருந்ததைத்தான் அடிச்சாங்க, அதானே ரூல். பிராக்கெட் கணக்கெல்லாம் அவங்களுக்குத் தெரியாதுங்க."

அடைக்கலராஜ் என் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூட இல்லை, மரியாதையாகவே கேட்டார். "அப்படியாம்மா? ஒண்ணு குறையுதுன்னு உங்களுக்குத் தெரியலையா?"

தெரியும் என்றால், தெரிந்தே கெடுத்தவள். தெரியாது என்றால், பிராக்கெட் எண்ணத் தெரியாத டைப்பிஸ்ட். எந்தப் பதில் சொன்னாலும் சென்னை இல்லை. கணக்கில் முதல் மார்க் வாங்கியவள், ஆறு மாதம் சமையலறைக் கதவோரம் உட்கார்ந்து படித்தவள், அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து சொன்னேன்.

"தெரியலை சார்."

சரி, அது உங்கள் வேலையும் இல்லை என்றார் அவர். நசுருதீன் சார் ரிஜிஸ்தரை விரித்து, அல்லாவுக்குப் பொதுவா இந்தக் கோடு நியாயமில்லை என்று சொல்லிச் சந்திரம்மாளின் ஐந்தாவது கோட்டை அடித்து நீக்கிவிட்டார். அவளுக்கு நாலு. எனக்கு ஐந்து. பொங்கலுக்கு மறுவாரம் அவள் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

அதிலிருந்து அவள் கிளம்புகிறவரை பத்து நாளும் எனக்குக் கடலை கொண்டுவந்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். என்னைக் காப்பாற்றிப் பேசினாளே, அந்தப் பெருந்தன்மை என்னை அரித்தது. கெட்டிக்காரியாகவும் இருந்து நல்லவளாகவும் இருந்தால் மற்றவர்கள் எங்கே போவது.

அவள் கிளம்பிய அன்று காலை ஜங்ஷனுக்குப் போனேன். வழியனுப்ப இல்லை, சொல்லித் தொலைத்துவிடலாம் என்று. அவள் அப்பா வீரமலை தண்ணீர் பிடிக்கக் கூஜாவோடு போயிருந்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்தபடி, சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்றைக்கு ஒரு பிராக்கெட் குறைகிறது என்று எனக்குத் தெரியும், தெரிந்தேதான் உன் அட்டையை வெட்டினேன் என்றேன்.

"தெரியும்க்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"விரல் வச்சு எண்ணினீங்க. ஒரு தரம் இல்லை, ரெண்டு தரம். நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தக் கார்டுல நான் என்ன போட்டிருக்கேன்னு எனக்குத் தெரியாதா?"

கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். "அப்புறம் ஏன்டி அன்னிக்கே சொல்லலை? கட்டு தப்பாப் போறதுன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

"போகட்டும்னுதான் இருந்தேன். திரும்பி வந்துதானே ஆகணும். வெட்டின கார்டு டப்பாவுலதானே இருக்கும்."

"சரி, திரும்பி வந்தப்பவாவது சொல்லியிருக்கலாமே. எனக்குத் தெரியாதுன்னு ஏன் சொன்னே?"

அவள் மடியில் இருந்த கடலைப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்களுக்கும் புரியுதுன்னு சாருக்குத் தெரிஞ்சா, ஒரு தடவை திட்டுவாரு. அப்புறம் உங்களைத்தான் அனுப்புவாரு. கணக்குல நீங்க எங்கே, நான் எங்கே? ரெண்டு தரம் பரீட்சை எழுதினவக்கா நான். நீங்க அந்தத் தாளெல்லாம் பையில மடிச்சு எடுத்துட்டுப் போனப்பவே எனக்கு வயித்துல புளி கரைச்சுது. சேர்ந்த நாள்லேர்ந்து உங்களைப் பாத்துப் பொறாமைதான் எனக்கு."

வீரமலை கூஜாவோடு வந்துவிட்டார். கும்பிட்டு, பொண்ணுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தது நீங்கதானாமே என்றார். ரயில் நகர்ந்தது. அவள் ஜன்னல் வழியாகப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

எனக்குக் கொதித்திருக்க வேண்டும். கொதிக்கவில்லை. சத்திரம் வரை நடந்தே வந்தேன், அங்கே ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றேன், கடலையை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டேன். என்னைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரிந்திருக்கிறது. மூன்று வருஷமாக. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது 1969. அவள் மாடியில் புரோகிராமர். அவள் எழுதுகிற தாள்கள் என் மேஜைக்கு வருகின்றன, நான் அடிக்கிறேன். ஒவ்வொரு தாளிலும் பிராக்கெட்டுகளை விரல் வைத்து இரண்டு தரம் எண்ணுகிறேன். இரண்டு வருஷமாக ஒன்றுகூடக் குறையவில்லை. என்றைக்காவது குறையும். அன்றைக்குத் தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், அடைக்கலராஜ் உள்பட எல்லோர் காதிலும் விழும்படி, இதில் ஒன்று குறைகிறது என்று சொல்வேன். அவளும் அதற்குத்தான் காத்திருக்கிறாளோ என்று சில நாள் சந்தேகமாக இருக்கிறது.

மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிவிட்டேன். கெட்டிக்காரி, உழைப்பாளி, நேரம் தவறாதவள், பொறுமைசாலி. ஐந்தாவதாக ஒன்று உண்டு. என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் அதுதான் இருப்பதிலேயே நல்ல வார்த்தை. அதை மலருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.